தையல் மட்டும் மிஞ்சியது: மண் பாக்டீரியா பிளாஸ்டிக்கைத் தின்னுமா என்று வீட்டிலேயே சோதிக்கும் முறை

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு பழைய பருத்தி பனியனை எங்கள் வேப்பமரத்தடியில் அரைச் சாண் ஆழத்தில் புதைத்தேன். தை பிறந்த பிறகு தோண்டினேன். துணி இல்லை. கையை விட்டுத் துழாவியபோது விரலில் ஏதோ சிக்கியது. மெதுவாகத் தூக்கினேன். தையல் நூல். கழுத்து, அக்குள், கீழ் மடிப்பு என்று பனியனின் கோட்டோவியம் போல நூல் மட்டும் தொங்கியது. கழுத்தில் அளவு அச்சிட்ட சின்னப் பட்டையும் இருந்தது. அதைக் கழுவியதும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

அந்த நூலும் பட்டையும் பாலிஎஸ்டர். பஸ் நிலையத்தில் வாங்கிக் குடித்துவிட்டு எறிகிறோமே, அந்தத் தண்ணீர் பாட்டிலும் அதே குடும்பம்தான். ஒரே மண், ஒரே மழை, ஒரே பாக்டீரியாக் கூட்டம். பருத்தியை மூன்று மாதத்தில் தின்று தீர்த்தவை, அதன்மேல் ஓடிய தையலைத் தொடவில்லை. அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் புதைக்கிறேன், தோண்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் பலர் என்னோடு சேர்ந்து செய்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, மதுரை மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனையால் உங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குப்பை குறையாது. குப்பையை ஒழிப்பதற்காக யாரும் பிளாஸ்டிக்கை மண்ணில் புதைக்க வேண்டாம். எந்தப் பிளாஸ்டிக்கை மண் தின்கிறது, எதைத் தின்பதுபோல் காட்டி ஏமாற்றுகிறது என்று கண்ணால் கண்டு தெரிந்துகொள்வதற்கே இது.

பாக்டீரியாவின் பல் எது

பாக்டீரியாவின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். பிளாஸ்டிக்கின் மூலக்கூறோ நீண்ட சங்கிலி. அதை அப்படியே விழுங்க வழியில்லை. ஆகவே பாக்டீரியா முதலில் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பான ஒரு படலம் அமைக்கிறது. பிறகு நொதிகளை வெளியே சுரந்து, சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டி, சிறு துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடைசியில் அது கரியமில வாயுவாக வெளியேறுகிறது. ஒரு பகுதி பாக்டீரியாவின் உடலாகிறது. இது நடந்தால்தான் மக்கியது என்று பொருள்.

வெட்டுவதற்கு வசதியான கணு சங்கிலியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பாலிஎஸ்டர் வகைகளில் எஸ்டர் பிணைப்பு என்ற கணு உண்டு. பாலித்தீன் பை, பால் பாக்கெட், வாளி, குடம் ஆகியவற்றில் அந்தக் கணு கிடையாது. கார்பனும் கார்பனும் கைகோத்த ஒரே நீட்டம். அவற்றை வெட்டும் கத்தி மண்ணில் மிக அரிது. இஸ்ரேலில், வயல்களில் பயன்படுத்தி எறிந்த பாலித்தீன் கிடந்த மண்ணிலிருந்து ரோடோகாக்கஸ் ரூபர் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 2004ல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் 30 நாளில் பாலித்தீனின் எடை 8 சதவீதம் வரை குறைந்தது. வேறு உணவே கொடுக்காமல் வளர்த்ததால் கிடைத்த அளவு அது. இலையும் வேரும் சாணமும் குவிந்திருக்கிற நம் தோட்டத்து மண்ணில் எந்த பாக்டீரியாவுக்கும் பாலித்தீனைச் சுரண்ட வேண்டிய அவசியம் இல்லை.

எஸ்டர் கணுவை வெட்டும் திறமை பாக்டீரியாவுக்கு எங்கிருந்து வந்தது? இலையிலிருந்து. எந்த இலையானாலும் அதன் தோலில் கியூட்டின் என்ற பொருள் இருக்கிறது. அதுவும் இயற்கையான ஒரு பாலிஎஸ்டர்தான். உதிர்ந்த இலையைத் தின்ன வேண்டுமானால் அந்தத் தோலைக் கிழித்தாக வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இலைக்குப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செய்துவருகின்றன. 2012ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இலையும் கிளையும் மக்கிய உரக்குவியலிலிருந்தே அப்படி ஒரு நொதியின் மரபணுவை எடுத்தார்கள். அது தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கையும் வெட்டியது. அதைத் திருத்தி வலுவாக்கிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், 72 டிகிரி வெப்பத்தில் 10 மணி நேரத்தில் 90 சதவீதம் பாட்டில் பிளாஸ்டிக்கை அதன் மூலப்பொருள்களாகப் பிரித்துக் காட்டி, 2020ல் வெளியிட்டார்கள். உங்கள் வீட்டு வாழைச்சருகுக் குவியலைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா என்று செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் பெயர் இடியோனெல்லா சகாயென்சிஸ். ஜப்பானின் சகாய் நகரில், பாட்டில் மறுசுழற்சி ஆலை ஒன்றின் அருகே, மண், சேறு, கழிவுநீர் என்று 250 மாதிரிகளைத் திரட்டித் தேடியபோது கிடைத்தது, 2016ல் அறிவித்தார்கள். 30 டிகிரியில், மெல்லிய பாலிஎஸ்டர் படலத்தை ஏறத்தாழ முழுதாக ஆறு வாரத்தில் சிதைத்தது. 30 டிகிரி என்றால் நம் ஊர் மண்ணுக்கு அன்றாட வெப்பம்தானே, பின் ஏன் என் பனியன் தையல் அப்படியே இருந்தது? அவர்கள் கொடுத்தது இழைகள் தளர்வாகக் கிடந்த படலம். நூலிலும் பாட்டிலிலும் இழைகள் இழுத்து நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. முறுக்கேறிய கயிற்றில் நகம் நுழையாது அல்லவா, அங்கே நொதியும் நுழைவதில்லை.

எது என்ன பிளாஸ்டிக் என்று பிரியுங்கள்

சோதனைக்கு எடுக்கும் பொருளின் பெயர் தெரியாமல் புதைத்தால் முடிவு எதற்கும் உதவாது. அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் வேலை சுலபம். 1 தண்ணீர் பாட்டில் வகை. 2ம் 4ம் பாலித்தீன். 3 பி.வி.சி. 5 பாலிபுரொப்பிலீன். 6 தெர்மாகோல் வகை. 7 என்றால் மற்றவை, அதில் எதுவும் இருக்கலாம்.

எண் இல்லாத பைகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஓர் அங்குலத் துண்டு வெட்டி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, ஒரு சொட்டு சோப்பு கலந்த நீரில் விரலால் அமுக்கிக் காற்றுக் குமிழியை விரட்டிவிட்டுக் கையை எடுங்கள். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மேலே வந்துவிடும். பாட்டில் வகையும் பி.வி.சி.யும் மூழ்கும். மக்கும் பை என்று முறையான சான்றோடு விற்கப்படுபவை பெரும்பாலும் ஸ்டார்ச் என்ற மாவுச்சத்து, பி.எல்.ஏ., பி.பி.ஏ.டி. என்ற மக்கும் பாலிஎஸ்டர்கள் ஆகியவற்றின் கலவை, அவையும் மூழ்கும். சுண்ணாம்புத் தூளை நிறையக் கலந்த மட்டமான பாலித்தீன் பையும் சில சமயம் மூழ்கும் என்பதால், மூழ்கியது என்பதை மட்டும் வைத்து மக்கும் பை என்று முடிவுகட்டாதீர்கள். மிதந்தால் சந்தேகமே வேண்டாம், அது மக்காது.

எரித்து முகர்ந்து பார்ப்பது பழைய வழக்கம். வேண்டவே வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நுரையீரலை அரிக்கும்.

இந்த டம்ளர் சோதனையை நான் தாமதமாகத்தான் கற்றேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு, ஒரு கடையில் "மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்தது, மண்ணில் மக்கிவிடும்" என்று சொல்லி ஒரு கட்டுப் பை கொடுத்தார்கள். நம்பி வாங்கினேன். காய்கறிக் கழிவை அந்தப் பையோடு சேர்த்தே உரக்குழியில் போட்டேன். ஒரு மழைக்காலம் கழிந்து உரத்தைக் கிளறியபோது, களைக்கொத்து பட்ட இடமெல்லாம் பை பொடிப்பொடியாக உதிர்ந்தது. மக்கிவிட்டது என்று மகிழ்ந்து, அந்த உரத்தைக் கத்தரிப் பாத்திக்கு இட்டுவிட்டேன். மீதமிருந்த பை ஒன்றைப் பின்னர் டம்ளரில் போட்டேன், மிதந்தது. மருந்துக்கடையில் வாங்கிய டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டேன், கருநீலமாக மாறியது. ஸ்டார்ச் இருந்தது உண்மை. ஆனால் அது பாலித்தீனில் தூவிக் கலந்த ஸ்டார்ச். பாக்டீரியாக்கள் மாவைத் தின்றுவிட்டு, பாலித்தீனைச் சல்லடையாக விட்டுவிட்டன. சல்லடை உடைந்து தூளாகி, என் பாத்தி முழுதும் பரவிவிட்டது. இரண்டு வாரம் கையால் பொறுக்கினேன். கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டும்தான் பொறுக்க முடிந்தது. அந்த மண்ணில் மண்புழுவைக் காணும்போதெல்லாம் இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே அயோடின் நீலம் காட்டினால், "இதில் ஸ்டார்ச்சும் இருக்கிறது" என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் பருவமும்

மதுரையைச் சுற்றி மூன்று விதமான மண் எளிதில் கிடைக்கும். மேலூர், அழகர்கோயில் பக்கம் செம்மண். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல். சோழவந்தான் வைகைக் கரையில் வண்டல். எதுவானாலும் சரி, உங்கள் கால்பட்ட மண்ணிலேயே தொடங்குங்கள். உயிரோட்டம் உள்ள மண்ணா என்பதே முக்கியம். உரக்குழிக்கு அருகில், மரநிழலில், சருகு விழுந்து கறுத்த இடம் சிறந்தது.

அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு போன்ற இடங்களில்தான் பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா இருக்கும் என்று எண்ணி அங்கே மண் எடுக்கக் கிளம்பாதீர்கள். கருத்து தவறில்லை, ஆய்வாளர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். ஆனால் உடைந்த கண்ணாடி, ஊசி, நோய்க்கிருமி, தீப்புகை என்று ஆபத்து மிகுந்த இடங்கள் அவை. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது பெருந்தவறு. பழைய பாலித்தீன் பை புதைந்து கிடக்கும் கண்மாய்க் கரையிலோ, பிளாஸ்டிக் நிலப்போர்வைத் தாள் கிழிந்து கலந்த காய்கறி வயல் ஓரத்திலோ, உரியவரிடம் கேட்டு ஒரு கை மண் எடுத்தால் போதும்.

புரட்டாசிக் கடைசியில் புதையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணை ஈரமாக வைத்திருக்கும். சித்திரை, வைகாசியில் மேல்மண் காய்ந்து பாக்டீரியாக்கள் ஒடுங்கிவிடும். அப்போது தொடங்கினால் பருத்திகூட அப்படியே இருக்கும், நீங்கள் மண்ணின் மேல் பழிபோடுவீர்கள். கோடையில்தான் முடியும் என்றால் தொட்டியில் செய்து தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடி மண்ணை அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. அதுதான் சரியான ஈரம். சேறாக்கினால் காற்று போய்விடும்.

தனியாகப் புதைக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வையுங்கள். சோதிக்கும் பிளாஸ்டிக்கோடு துணைகளையும் சேர்த்தே புதைக்க வேண்டும்.

முதல் துணை, கட்டாயம் மக்கக்கூடியது. பூக்கட்டும் வாழைநாரும் ஒரு வெள்ளை வேட்டிக் கிழிசலும் போதும். வேட்டி தூய பருத்திதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; கலப்பு நூல் என்றால் பாதி அப்படியே நிற்கும். மூன்று மாதத்தில் வாழைநார் மக்கவில்லை என்றால் அந்த மண் தூங்குகிறது. மற்ற முடிவுகளையும் நம்ப முடியாது.

இரண்டாம் துணை, கட்டாயம் மக்காதது. நன்றாகக் கழுவிய பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மக்கியதுபோல் தெரிந்தால் உங்கள் அளவையில் எங்கோ பிழை இருக்கிறது.

மூன்றாவது, உயிரற்ற மண். ஒரு தொட்டி அளவு மண்ணைப் பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் அவித்து ஆறவைத்து, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதேபோல் அவியுங்கள். முதல் நாள் தப்பிய பாக்டீரியா வித்துகள் முளைத்ததும் இரண்டாம் நாள் மாயும். சமையலுக்குப் பயன்படும் குக்கரில் இதைச் செய்ய வேண்டாம். பழைய குக்கர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். இந்த மண்ணிலும் பிளாஸ்டிக் அதே அளவு நொறுங்கினால், அது பாக்டீரியாவின் வேலை இல்லை, சூடும் நீரும் செய்த வேலை.

நான்காவதாக, மக்கும் என்று சொல்லி விற்கும் பை. நம் நாட்டில் இதை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். சான்று எண் பையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மக்கும் பைக்கான உலகத்தரச் சோதனை ஏறத்தாழ 58 டிகிரியில், தொழில்முறை உரக்கூடத்தின் சூட்டில் நடக்கிறது. 180 நாளில் 90 சதவீதம் கரியமில வாயுவாக வேண்டும் என்பது விதி. அரைச் சாண் ஆழத்து மண் அந்தச் சூட்டை எட்டாது. எனவே உண்மையான பையும் உங்கள் தோட்டத்தில் மெதுவாகவே மக்கும்.

எடை, துளை, வலைப்பை

துண்டுகளை 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். 50 மைக்ரான் பாலித்தீனில் அப்படி ஒரு சதுரம் அரை கிராமுக்கும் குறைவு. சமையலறைத் தராசு இதற்கு உதவாது. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு டிஜிட்டல் தராசு வேண்டும். தெற்காவணி மூல வீதிப் பக்கம் தெரிந்த நகைப்பட்டறை இருந்தால், கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்கள். ஐந்து சதுரங்களைச் சேர்த்து நிறுத்தால் பிழை குறையும்.

மையால் எண் எழுதினால் அழியும். மூலையில் ஒரு துளை, இரண்டு துளை, மூன்று துளை என்று அடையாளம் குத்துங்கள். குத்தி முடித்த பிறகு நிறுங்கள். இருபுறமும் படம் எடுங்கள்.

ஒவ்வொரு வகையையும் கொசுவலைத் துணியில் தைத்த சிறு பையில் போட்டு, உள்ளேயும் மண் நிரப்புங்கள். கொசுவலையும் பிளாஸ்டிக்தான். அது மக்காது என்பதால்தான் அதை நம்பி மற்றவற்றை உள்ளே வைக்கிறோம். பொடியும் துண்டுகள் தோட்டத்தில் பரவாமல் தடுப்பதும் அதுவே. ஒவ்வொரு பைக்கும் நைலான் கயிறு கட்டி, மறுமுனையை மண்ணுக்கு மேலே ஒரு குச்சியில் முடியுங்கள். கரிசல் காட்டில் இது மிக முக்கியம். கோடையில் மண் வெடிக்கும்போது பை வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் பிறகு கண்டெடுப்பது கடினம்.

ஆழம் 10 முதல் 15 செ.மீ. அதற்குக் கீழே காற்றும் உயிரும் குறைவு. வகைக்கு மூன்று பைகள் புதைத்தால் 30, 60, 120 நாளில் ஒவ்வொன்றாக எடுக்கலாம். எத்தனை பைகள், எங்கே என்று சுவரிலிருந்து அடிக்கணக்கில் அளந்து நோட்டில் வரைபடம் போடுங்கள். குச்சியைக் கோழி கிளறிவிடும், வரைபடம் நிற்கும்.

தோண்டி எடுத்த பிறகு

கையுறை போடுங்கள். பிளாஸ்டிக் துண்டைக் கழுவும் முன் விரல்நுனியால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பாக்டீரியாப் படலம். அங்கே ஒட்டி வாழ்கின்றன என்பதற்கு அது சாட்சி. தின்கின்றன என்பதற்கு இல்லை. பாறையிலும் பாசி படர்கிறதே.

லேசான சோப்பு நீரில் கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, பிறகு நிறுங்கள். முதல்முறை செய்பவர்கள் பலருக்கு எடை கூடியிருக்கும். பயப்பட வேண்டாம். மண்துகளும் படலமும் சரியாகப் போகவில்லை என்று பொருள், மீண்டும் கழுவுங்கள். எடை குறைந்திருந்தாலும் உடனே துள்ள வேண்டாம். பிளாஸ்டிக்கில் நிறப்பொருள், இளக்கும் பொருள், சுண்ணாம்புத் தூள், ஸ்டார்ச் என்று பல சேர்மானங்கள் உண்டு. அவை கரைந்தும் கசிந்தும் போயிருக்கலாம். உயிரற்ற மண்ணில் கிடந்த துண்டோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஓரங்களைப் பாருங்கள். பருத்தியில் இழை மெலிந்து, முனை துடைப்பம்போல் பிரிந்திருக்கும். பால் பாக்கெட்டில் பாலின் விலைகூடப் படிக்கலாம்.

சாடியின் மூச்சு

எடை பொய் சொல்லலாம். வெளிவரும் கரியமில வாயுவை வைத்துத் தீர்மானிப்பதே நம்பகமானது. ஆய்வகங்களில் மண்ணில் மக்கும் திறனை அப்படித்தான் அளக்கிறார்கள். அதன் எளிய வடிவத்தை வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பைக் கொண்டே செய்யலாம்.

ஒரு கரண்டிச் சுண்ணாம்பை ஒரு லிட்டர் நீரில் கலக்கி மூடி வையுங்கள். மறுநாள் மேலே தெளிந்திருக்கும் நீரை மட்டும், அடி கலங்காமல் வேறு பாட்டிலில் இறுத்து மூடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும். வாயகன்ற கண்ணாடி ஊறுகாய்ச் சாடிகள் நான்கு எடுங்கள். முதல் சாடியில் எதுவும் வேண்டாம், உள்ளே இருக்கும் காற்று மட்டும் எவ்வளவு வெளுக்கச் செய்கிறது என்று அது காட்டும். இரண்டாவதில் ஈரமண் 200 கிராம். மூன்றாவதில் அதே மண்ணோடு பொடியாக நறுக்கிய உலர்ந்த வாழையிலை 2 கிராம். நான்காவதில் மண்ணோடு நீங்கள் சோதிக்கும் பிளாஸ்டிக் 2 கிராம், கத்தரியால் இயன்றவரை நுணுக்கியது. ஒவ்வொன்றின் உள்ளேயும், மண்மீது, தெளிந்த சுண்ணாம்பு நீர் 30 மில்லி ஊற்றிய சின்னக் கிண்ணம் ஒன்றை வைத்து, சாடியை இறுக மூடுங்கள்.

பாக்டீரியாக்கள் மூச்சுவிட விட, கரியமில வாயு சுண்ணாம்பு நீரில் கலந்து பால்போல் வெளுக்கும். மேலே மெல்லிய ஆடை கட்டும். வெளுத்ததும் தேதியைக் குறித்து, புது நீர் மாற்றுங்கள். மாற்றும்போது சாடியைச் சற்று நேரம் திறந்துவைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். வாழையிலைச் சாடி முந்திக்கொள்ளும். மண் மட்டும் உள்ள சாடியும் வெளுக்கும், ஏனென்றால் மண்ணே உயிரோடிருக்கிறது. நான்காவது சாடி, வெறும் மண் சாடியைவிடத் தொடர்ந்து வேகமாக வெளுக்கிறதா என்று இரண்டு மாதம் கவனியுங்கள். வேகமாக வெளுத்தால் உள்ளே போட்ட பொருளில் ஏதோ ஒன்றைத் தின்கின்றன. இரண்டும் ஒரே நாளில் வெளுத்துக்கொண்டிருந்தால் தின்னவில்லை. பாலித்தீன் போட்ட சாடி வெறும் மண்ணை முந்தியதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வகுப்பில் இதைச் செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த முதல் வெண்ணிற ஆடையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். மண் மூச்சு விடுகிறது என்று பாடத்தில் படித்த பிள்ளை, அதைக் கண்ணெதிரே கண்ட நாளை மறப்பதில்லை.

கல்லூரி ஆய்வகம் வாய்த்தவர்களுக்கு

பாக்டீரியாவைத் தனியே வளர்க்கும் வேலையை வீட்டில் செய்யக் கூடாது. மண்ணிலிருந்து எதை வளர்க்கிறோம் என்று தெரியாது. நோய் தருவனவும் அதில் பெருகும். ஆய்வகத்தில், வழிகாட்டும் ஆசிரியரோடு செய்யுங்கள்.

பாக்டீரியாவை வளர்க்கும் கரைசலை ஊடகம் என்பார்கள். இந்த வேலைக்கு புஷ்னெல்-ஹாஸ் ஊடகம் வழக்கமானது. லிட்டருக்கு மெக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், கால்சியம் குளோரைடு 0.02, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1, டைபொட்டாசியம் பாஸ்பேட் 1, அம்மோனியம் நைட்ரேட் 1, ஃபெரிக் குளோரைடு 0.05. உப்பும் நைட்ரஜனும் இருக்கின்றன, கார்பன் உணவு மட்டும் இல்லை. 121 டிகிரியில் 15 நிமிடம் கிருமி நீக்கி, 70 சதவீத எத்தனாலில் துடைத்த பிளாஸ்டிக் துண்டுகளையும் ஒரு கிராம் மண்ணையும் போட்டு, 30 டிகிரியில் குலுக்கிக்கொண்டே ஒரு மாதம் வையுங்கள். அதிலிருந்து 1 மில்லி எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுங்கள். இப்படி மூன்று முறையாவது மாற்ற வேண்டும். மண்ணோடு வந்த சத்து தீரும்வரை, வளர்ச்சி பிளாஸ்டிக்கால் வந்ததா மண்ணின் மிச்சத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் போடாத குடுவை ஒன்று, பாக்டீரியா விடாத குடுவை ஒன்று பக்கத்தில் நிற்கட்டும். பாக்டீரியா வளர்க்கும் கூழான அகார் ஊற்றிய தட்டில் புள்ளி முளைத்ததைக் கண்டு முடிவுகட்டாதீர்கள். அகாரில் உள்ள மாசையே தின்று வாழும் பாக்டீரியாக்கள் நிறைய.

புதியவர்கள் பாலித்தீனில் தொடங்கினால் ஓராண்டு வீணாகிச் சோர்ந்துபோவார்கள். பி.ஹெச்.பி.யில் தொடங்குங்கள். இது பாக்டீரியாவே செய்யும் பிளாஸ்டிக். 1926ல் பிரான்சில் மொரிஸ் லெமுவாஞ், பேசில்லஸ் மெகாடீரியம் என்ற மண் பாக்டீரியாவுக்குள் இதைக் கண்டார். நாம் கொழுப்பைச் சேர்ப்பதுபோல், பஞ்ச காலத்துக்கென்று அது உடலுக்குள் மணிமணியாகச் சேர்த்துவைக்கிறது. நம் விவசாயிகளுக்கு இந்த பாக்டீரியா அந்நியமானதில்லை. பாஸ்போபாக்டீரியா என்று பாக்கெட்டில் வாங்கி, தொழுவுரத்தோடு கலந்து வயலில் தூவுகிறோமே, அதில் இருப்பது இந்த இனம்தான். ஒன்று சேர்த்துவைப்பதை இன்னொன்று தின்னக் கற்றிருக்கிறது. பி.ஹெச்.பி. பால்போல் கலந்த அகார் தட்டில் தோட்டத்து மண் கரைசலைப் பரப்பினால், சில நாளில் சில புள்ளிகளைச் சுற்றி வெண்மை நீங்கித் தெளிந்த வளையம் தெரியும். அந்தத் தெளிவுதான் நொதியின் வேலை. அதைப் பார்த்துப் பழகிய கண், பிறகு கடினமான பிளாஸ்டிக்குகளைத் தேடட்டும்.

மிஞ்சியதை என்ன செய்வது

பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா என்று தூளோ திரவமோ விற்க வந்தால் வாங்கிக் குப்பையில் கொட்டாதீர்கள். பாலித்தீனுக்கு அப்படி எதுவும் தோட்டத்தில் பலிக்காது. பிளாஸ்டிக்கில் ஏதோ கலந்து வெயிலில் தானே நொறுங்கும் என்று விற்கப்படும் வகையையும் தவிர்த்துவிடுங்கள். அது மக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உடைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் அதைத் தடை செய்துவிட்டது.

தோண்டி எடுத்த பாலித்தீன், பால் பாக்கெட் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, மக்காத குப்பையாகத் தூய்மைப் பணியாளரிடம் தனியே கொடுங்கள். அதற்கு நல்ல வழி ஒன்று நம் ஊரிலேயே பிறந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் பூச்சாக உருக்கிப் பூசி, பிறகு தார் கலந்து சாலை போடும் முறையை உருவாக்கினார். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாக்டீரியா தொடாத பாலித்தீனுக்கும் தெர்மாகோலுக்கும் அதில் இடமுண்டு. பி.வி.சி.க்கு இல்லை, சூட்டில் நச்சு வாயு வரும்.

அவித்த மண்ணைச் சாதாரண மண்ணோடு கலந்துவிடலாம். சுண்ணாம்பு நீரை நிறையத் தண்ணீர் விட்டு வடிகாலில் ஊற்றுங்கள். ஆய்வகக் குடுவைகளையும் தட்டுகளையும் 121 டிகிரியில் அவித்த பிறகே கழுவ வேண்டும்.

கடைசியாக நோட்டை எடுத்து, புரட்டாசியில் எத்தனை வலைப்பைகள், எத்தனை சதுரங்கள் புதைத்தீர்கள் என்று பாருங்கள். எடுத்தவற்றை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் கயிற்றைப் பிடித்து மறுபடி தோண்டுங்கள். கணக்கு நேராகும்வரை குழியை மூடாதீர்கள்.